எடைச் சீட்டு இல்லாமல் பில்டி எழுதலாமா?

பெங்களூரில் வாழும் தமிழர்களில் லாரித் தொழிலோடு ஏதாவது ஒரு வகையில் தொடர்பு உள்ளவர்கள் பலர். கலாசிபாளையத்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களில் பில்டி எழுதும் குமாஸ்தாக்கள், யஷ்வந்தபுரம் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளர்கள், பீனியா தொழிற்பேட்டையில் சரக்கு அனுப்பும் பிரிவில் கணக்குப் பார்ப்பவர்கள், ஓசூர் சாலையில் பட்டறை வைத்திருப்பவர்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரிகளை இந்நகரத்தில் எந்த நாளும் காணலாம். ஆகவே லாரிக்காரர்களுக்கும் சரக்கு புரோக்கர்களுக்கும் இடையே நெடுங்காலமாக நடந்து வரும் எடைத் தகராறு இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் புதிய செய்தியாக இராது.

புரோக்கர் வாயால் சொல்வது ஓர் எடை. பில்டியில் எழுதுவது இன்னோர் எடை. வண்டியில் உண்மையாக ஏறுவது மூன்றாவது எடை. இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் எவருக்கும் குறையில்லை. வேறுவேறாக இருக்கும்போது வாடகையில் நஷ்டம், வழியில் அபராதம், இறக்குமிடத்தில் பிடித்தம் என்று எல்லாம் வந்து விழுவது டிரைவர் தலையில். எடையை நிர்ணயித்ததில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. சரக்கு அவருடையது அல்ல, மூட்டைகளை எண்ணியவரும் அவர் அல்ல, ரசீது எழுதியவரும் அவர் அல்ல.

இந்த நிலை மாறுவதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. சரக்கு ஏறிய ஊரிலேயே வண்டியை எடை போட வேண்டும். எடைச் சீட்டில் உள்ள எண்ணைத்தான் பில்டியில் எழுத வேண்டும். அந்த எண்ணுக்குச் சரக்கு அனுப்புபவரும் புரோக்கரும் பொறுப்பேற்க வேண்டும். இந்த ஒரு வழக்கம் நிலைபெற்றால் தகராறில் பெரும்பகுதி தானே தீர்ந்துவிடும்.

எடை எப்படி மாறுகிறது?

எடை தவறுவதற்கு எல்லா நேரங்களிலும் மோசடிதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மூட்டைக் கணக்கில் போகும் சரக்கு ஒன்று உண்டு. மூட்டைக்கு 50 கிலோ என்று வைத்து, மூட்டைகளை எண்ணி, எடை எழுதிவிடுகிறார்கள். வெங்காய மூட்டை எல்லாம் 50 கிலோவாக இருப்பதில்லை. ஈரம் இருந்தால் எடை கூடும்; சாக்கு பெரிதாக இருந்தாலும் கூடும். 300 மூட்டை ஏறும் வண்டியில், மூட்டைக்கு 5 கிலோ கூடினால் மொத்தத்தில் ஒன்றரை டன் கூடிவிடுகிறது.

கருங்கல் விஷயம் இன்னும் சிக்கலானது. ஜிகினி, ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கல் வியாபாரம் கன மீட்டர்க் கணக்கில் நடக்கிறது. கல்லின் ஓரம் உடைந்திருக்கும், மூலை மழுங்கியிருக்கும் என்பதற்காக அளவில் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். வியாபாரத்துக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் தள்ளிக் கொடுத்த கல்லும் வண்டியின் மேல்தான் இருக்கிறது. ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன் இருக்கும்; கறுப்பு ரகம் 3 டன் வரை போகும். தள்ளிய அளவை வைத்து எடை கணக்கிட்டால் பில்டியில் குறைவாகவும் அச்சின் மேல் அதிகமாகவும் இருப்பதில் வியப்பில்லை.

இரும்புக் கழிவு, பழைய மெஷின், பச்சை மரம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் கண் மதிப்புதான். “பத்துப் பன்னிரண்டு டன் இருக்கும்” என்று பார்ட்டி சொல்வதைப் புரோக்கர் அப்படியே டிரைவரிடம் சொல்கிறார். மெஷின் ஏறிய பிறகு வண்டியின் பட்டை படிந்து போவதைப் பார்த்துத்தான் டிரைவருக்கு உண்மை தெரிகிறது. அதற்குள் தார்ப்பாய் கட்டியாகிவிட்டது.

தெரிந்தே செய்யும் தவறும் உண்டு. பார்ட்டியிடம் உண்மை எடைக்கு வாடகை வாங்கிக்கொண்டு, லாரிக்காரருக்குக் குறைந்த எடைக்கு வாடகை கொடுப்பது ஒரு வகை. இருபது டன் சரக்கு இருப்பதாகச் சொல்லி வண்டியை வரவழைத்து, வந்த பிறகு பதினான்கு டன்தான் என்று கையை விரிப்பது இன்னொரு வகை. டன் கணக்கில் வாடகை பேசிய வண்டிக்கு, குறைந்த பாரமும் நஷ்டம்தான். திரும்பிப் போகவும் முடியாது. போனால் வந்த டீசல் வீண்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். சட்டப்படி 18 டன் பாரம் ஏற்றக்கூடிய பத்துச் சக்கர லாரி ஒன்று. புரோக்கர் 17 டன் என்று சொல்கிறார். டன்னுக்கு 1,500 ரூபாய் வீதம் வாடகை 25,500 ரூபாய் என்று பேசி முடிகிறது. உண்மையில் ஏறியது 21 டன். பில்டியில் எழுதாத 4 டன்னுக்கான 6,000 ரூபாய் லாரிக்காரருக்கு வரப்போவதில்லை. இது முதல் நஷ்டம்.

வழியில் அதிகாரி நிறுத்தி எடை போடுகிறார். அனுமதித்த அளவுக்கு மேல் 3 டன் இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்கு மேல் கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆக 26,000 ரூபாய். அந்த நடையின் மொத்த வாடகையே 25,500 ரூபாய்தான். டீசல், சுங்கம், டிரைவர் படி, கிளீனர் படி எதையும் கழிக்காமலே வாடகை முழுவதும் அபராதத்தில் போய்விடுகிறது.

அத்துடன் முடிவதில்லை. கூடுதல் பாரத்தை இறக்கும் வரை வண்டியை நகர விடக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. இறக்கும் செலவும் வண்டிக்காரர் பொறுப்பு. நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று டன் சரக்கை இறக்கி, அதற்குக் காவல் வைத்து, வேறு வண்டி பிடிப்பதற்குள் ஒரு நாளோ இரண்டு நாளோ போய்விடும். இ-வே பில்லின் கெடுவும் இதற்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். 200 கிலோ மீட்டருக்கு ஒரு நாள் என்பது அதன் கணக்கு. எடை போட மறுத்து வண்டியை ஓட்டிச் சென்றாலோ அபராதம் 40,000 ரூபாய்.

சரக்கு போய்ச் சேர்ந்த பிறகும் தொல்லை ஓய்வதில்லை. பில்டியில் எழுதிய எடைக்கும் இறக்குமிடத்து எடைக்கும் வித்தியாசம் இருந்தால், “சரக்கு குறைகிறது” என்று பேலன்ஸ் வாடகையில் பிடித்துக்கொள்கிறார்கள். ஏற்றுமிடத்தில் எடையே போடாதபோது குறைந்தது எது, கூடியது எது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் பிடித்தம் பிடித்ததுதான். வழியில் திருடியதாகப் பழியும் சேர்ந்துகொள்ளும்.

டிரைவர் ஏன் பேசுவதில்லை?

இவ்வளவு நஷ்டம் இருந்தும் டிரைவர்கள் ஏன் எடை போடச் சொல்லிக் கேட்பதில்லை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வினவலாம். விடை எளிது. அவர் வெளி மாநிலத்தில் இருக்கிறார். கொண்டு வந்த சரக்கை இறக்கியாகிவிட்டது. திரும்பிப் போக லோடு வேண்டும். அந்த லோடு புரோக்கர் கையில் இருக்கிறது. ஒரு நாள் காத்திருந்தால் சாப்பாட்டுச் செலவு, வண்டி நிறுத்தும் கட்டணம், வங்கித் தவணையின் ஒரு நாள் பங்கு எல்லாம் ஏறிக்கொண்டே போகும். அடுத்த வண்டி வாசலில் நிற்கிறது. “இஷ்டமில்லை என்றால் விட்டுவிடு, அவர் ஏற்றிக்கொள்வார்” என்ற ஒரு வார்த்தை போதும்.

வாடகையும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. டீசலுக்கு அட்வான்ஸ் தருகிறார்கள். மீதி பேலன்ஸ், சரக்கு இறங்கி, கையெழுத்தான பில்டி திரும்பி வந்த பிறகு. பழைய நடையின் பேலன்ஸ் அதே ஆபீசில் நிற்கும்போது புதிய நடையில் எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல் வரும்? மொழியும் ஒரு தடை. புரோக்கர் பேசுவது கன்னடமாகவோ இந்தியாகவோ இருக்கும். பில்டி இங்கிலீஷில் இருக்கும். எழுதியிருப்பதைப் படித்துக் காட்டும்படி கேட்பதற்குக்கூடப் பல டிரைவர்கள் கூச்சப்படுகிறார்கள்.

புரோக்கர் தரப்பு

புரோக்கர்கள் எல்லாரும் அநியாயக்காரர்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஊர் பேர் தெரியாத டிரைவரை நம்பி லட்சக்கணக்கான ரூபாய்ச் சரக்கை ஏற்றிவிடுகிறவர் அவர். சரக்கு போய்ச் சேராவிட்டால் பார்ட்டி முதலில் அவர் கழுத்தைத்தான் பிடிப்பார். ஒரு வண்டிக்கு அவருக்குக் கிடைக்கும் கமிஷன் பெரிய தொகை அல்ல. பார்ட்டி சொன்ன எடையைத்தான் தாமும் சொன்னதாக அவர் கூறுவதில் பல சமயம் உண்மையும் இருக்கிறது. எடை மேடைக்கு வண்டியைக் கொண்டு போய் வரிசையில் நின்று திரும்ப ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் மண்டி மூடிவிடும் என்பதும் அவர் சொல்லும் காரணம்.

லாரி முதலாளிகளிடமும் குற்றம் இருக்கிறது. அதிக பாரம் ஏற்றினால் அதிக வாடகை என்று தாமே முன்வந்து ஏற்றுபவர்கள் இல்லாமல் இல்லை. சரியான அளவு மட்டும் ஏற்றுபவர் டன்னுக்கு 1,500 கேட்டால், மூன்று டன் கூடுதலாக ஏற்றத் தயாராக இருப்பவர் 1,300-க்கு ஒப்புக்கொள்கிறார். அப்புறம் அதுவே மார்க்கெட் வாடகை ஆகிவிடுகிறது. ஒழுங்காக ஓட்டுபவரும் அந்த வாடகைக்கே ஓட்ட வேண்டிய கட்டாயம். தாங்களே வெட்டிய குழியில் தாங்களே விழுவது என்பது இதுதான்.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் ஒரு கேள்வி நிற்கிறது. பார்ட்டி சொன்னார், புரோக்கர் கேட்டார், முதலாளி ஆசைப்பட்டார் என்றால் அபராதச் சீட்டு ஏன் டிரைவர் கையில் மட்டும் தரப்படுகிறது?

சட்டம் சொல்வது என்ன?

சட்டம் டிரைவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு அதிக பாரத்தோடு வண்டியை ஓட்டுபவரைக் குறிப்பிடுவதோடு, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. வண்டியை ஓட்டியவர் உரிமையாளர் அல்லாதபோது, உரிமையாளருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின் பேரிலேயே குற்றம் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 113-வது பிரிவு கூறுகிறது. அபராதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அதே பாரத்தோடு வண்டியை அனுப்பிவிடும் வழக்கம் சட்டத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே தீர்ப்பு அளித்திருக்கிறது.

இதைவிட முக்கியமானது 2007-ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம். 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு வந்த இச்சட்டம் 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. சரக்கை ஏற்று அனுப்பும் தொழில் செய்பவர் என்பதற்கு இச்சட்டம் தரும் விளக்கத்தில் புக்கிங் கம்பெனி, கான்டிராக்டர், ஏஜென்ட், புரோக்கர் எல்லாரும் அடங்குகிறார்கள். ஆகவே “நான் நடுவில் நிற்பவன்தானே” என்று புரோக்கர் விலகிக்கொள்ள இடமில்லை. பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்கு மேல் வண்டியில் ஏற்றக்கூடாது, ஏற்ற விடவும் கூடாது என்ற கடமையை இச்சட்டம் அவர்கள் மேல் சுமத்துகிறது.

சரக்கு அனுப்புபவருக்கும் பொறுப்பு உண்டு. சரக்கைப் பற்றிய விவரங்களை அவர் எழுத்தில் தர வேண்டும். அவை சரியாக இருப்பதற்கு அவரே பொறுப்பு. தவறான விவரத்தால் நஷ்டம் ஏற்பட்டால் அதை அவர் ஈடு செய்ய வேண்டும் என்று 8-வது பிரிவு சொல்கிறது. ரசீதில் எழுதிய எடை வழக்கில் முதல் ஆதாரமாகக் கொள்ளப்படும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் பயன் இல்லாமல் போவதற்குக் காரணம், நஷ்ட ஈடு வாங்கும் உரிமை சரக்கை ஏற்கும் நிறுவனத்தோடு நின்றுவிடுவதுதான். அந்த நிறுவனத்துக்கு ஒரு நடைக்கு வண்டி கொடுத்த சிறு முதலாளி வரைக்கும், அவரிடம் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர் வரைக்கும் அது இறங்கி வருவதில்லை. எடைச் சீட்டு என்ற சாட்சி இல்லாத நிலையில், எழுதிய எடை தவறு என்று நிரூபிக்கவும் அவர்களுக்கு வழி இல்லை.

ரயிலிலும் கப்பலிலும் எப்படி?

ரயில்வேயைப் பார்த்தால் நியாயம் எங்கே இருக்கிறது என்பது விளங்கும். வேகனில் அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு ஏற்றப்பட்டிருந்தால், அதற்கான தண்டக் கட்டணத்தைச் சரக்கு அனுப்பியவரிடமோ பெறுபவரிடமோ வசூலிக்க 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 73-வது பிரிவில் வழி செய்கிறது. அதிக பாரம் ஏற்றியதற்காக எஞ்சின் டிரைவரின் சட்டைப் பையில் கை விடுவார் யாரும் இல்லை.

கப்பல் துறையில் பாடம் கற்றுக்கொண்டது பெரும் நஷ்டத்துக்குப் பிறகு. 2007 ஜனவரியில் இங்கிலாந்துக் கடற்கரை அருகே ‘எம்.எஸ்.சி. நெப்போலி’ என்ற சரக்குக் கப்பல் சேதமடைந்து தரை தட்டியது. பின்னர் அதன் மேல் தளத்துப் பெட்டிகளில் சுமார் 660-ஐ எடை போட்டதில், 137 பெட்டிகளில் எழுதியிருந்த எடைக்கும் உண்மை எடைக்கும் 3 டன்னுக்கு மேல் வித்தியாசம் இருந்ததாக விசாரணையில் தெரிய வந்தது. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பின், 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதும் ஒரு விதி வந்துவிட்டது. சரக்கு அனுப்புபவர் சரிபார்த்த எடையை எழுதிக் கொடுக்காத எந்தப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக்கூடாது.

பெங்களூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் பெட்டிக்கும் இந்த விதி பொருந்தும். கப்பலில் ஏற எடைச் சான்று வேண்டும் என்றால் அனுப்புபவர் முணுமுணுக்காமல் எடை போட்டுத் தருகிறார். அதே ஊரிலிருந்து சேலத்துக்கோ மதுரைக்கோ போகும் லாரிக்கு எடைச் சீட்டு கேட்டால் நேரமில்லை என்கிறார்கள். கப்பலுக்கு இருக்கும் நேரம் லாரிக்கு எங்கே போயிற்று?

தொப்பூர் இறக்கம்

இது வாடகைத் தகராறு மட்டுமாக இருந்திருந்தால் லாரிக்காரர்களும் புரோக்கர்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் தவறான எடை சாலைக்கு வந்துவிட்டால் அது எல்லாருடைய விவகாரமும் ஆகிவிடுகிறது.

பெங்களூர்த் தமிழர்கள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போகும் வழியைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டியதும் தொப்பூர்க் கணவாய். சேலம் நோக்கிப் போகும்போது அது இறக்கம். பிரேக் பிடிக்காமல் வந்த லாரி முன்னால் போன கார்களையும் வேன்களையும் இடித்து நொறுக்கிய செய்திகள் அந்த இடத்திலிருந்து எத்தனையோ முறை வந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் அதிக பாரம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பதினேழு டன் இருப்பதாக நம்பி இறக்கத்தில் வண்டியை விடும் டிரைவருக்குப் பின்னால் இருபத்தொரு டன் தள்ளிக்கொண்டு வருகிறது என்றால் என்ன ஆகும்? பாரம் கூடக் கூட, பிரேக் அடக்க வேண்டிய விசையும் கூடுகிறது. டிரம் சூடேறினால் பிடிப்பு குறைகிறது. உண்மை எடை தெரிந்திருந்தால் மேலேயே கியரைக் குறைத்து, மெதுவாக இறங்கியிருப்பார். அவருக்குச் சொல்லப்பட்ட எண் அவரை ஏமாற்றிவிட்டது. அவர் முன்னால் போகும் பஸ்ஸில் இருப்பவர்கள் யார் என்று கேட்கத் தேவையில்லை.

சாலையும் தாங்குவதில்லை. 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடந்த பெரும் சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் ஒரு கணக்கை வைத்திருக்கிறார்கள். அச்சின் மேல் விழும் பாரம் கூடினால், சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் மடியில் கூடும். அதாவது பாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சேதம் இரட்டிப்பாகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசே இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக உயர்த்தியது. லாரிகளின் திறன் கூடியிருக்கிறது என்று சொல்லிக் கொடுத்த சலுகை அது. அந்தச் சலுகைக்கும் மேல் ஏற்றிவிட்டு, பில்டியில் குறைத்து எழுதுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

குமாஸ்தாவின் பேனா

எடையை ஏற்றுபவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்றாலும், அந்த எடையைக் காகிதத்தில் எழுதுபவர் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் குமாஸ்தா. பில்டியில் இரண்டு கட்டங்கள் இருப்பதை அவர் அறிவார். ஒன்று உண்மை எடை. மற்றொன்று கட்டணம் விதிக்கும் எடை. பஞ்சு, பிளாஸ்டிக் சாமான் போல இடத்தை அடைத்துக்கொண்டு எடை குறைவாக உள்ள சரக்குக்குக் கட்டண எடையைக் கூடுதலாக வைப்பது தொழில் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் பல ஆபீஸ்களில் உண்மை எடை என்ற கட்டத்தில் பார்ட்டி சொன்னதையே எழுதிவிடுகிறார்கள், அல்லது அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள்.

முதலாளி சொல்வதை மீறி எழுது என்று மாதச் சம்பளக்காரரிடம் சொல்வது சுலபம். செய்வது அவருக்குக் கஷ்டம். ஆனாலும் அவரால் செய்யக்கூடியவை சில உண்டு. எடைச் சீட்டு வந்திருந்தால் அதன் எண்ணை உண்மை எடைக்குப் பக்கத்தில் குறிக்கலாம். வராவிட்டால் “பார்ட்டி சொன்ன எடை, எடை போடவில்லை” என்று ஒரு வரி எழுதலாம். பொய்யான எடையைச் சரியானது போல எழுதுவதற்கும், எடை போடவில்லை என்ற உண்மையை எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் தெரியும். டிரைவர் தமிழராக இருந்தால், பில்டியில் எழுதியிருப்பதைத் தமிழில் ஒரு முறை படித்துக் காட்டுவதற்கு எந்த முதலாளியும் தடை சொல்லப் போவதில்லை.

டிரைவர்களும் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது இருக்கிறது. வண்டியின் வெற்று எடையும் மொத்த எடையும் பதிவுச் சான்றில் இருக்கின்றன. இரண்டின் வித்தியாசமே ஏற்றக்கூடிய பாரம். இந்த எண்ணை ஒவ்வொரு டிரைவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஏற்றுமதிக்கு முன்னும் பின்னும் எடை போட்ட சீட்டுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். புரோக்கர் எடையையும் வாடகையையும் போனில் வாயால் மட்டும் சொன்னால், அதையே எழுத்தில் அனுப்பும்படி கேட்கலாம். இன்றைக்கு எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. அதில் வந்த ஒரு வரிகூட நாளைக்குச் சாட்சி ஆகும்.

செய்ய வேண்டியவை

தனி ஒரு டிரைவர் கேட்டால் லோடு கிடைக்காது. எல்லாரும் கேட்டால் கிடைக்காமல் போகாது. ஆகவே லாரி உரிமையாளர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும். எடைச் சீட்டு இல்லாத சரக்கை எந்த உறுப்பினரும் ஏற்றுவதில்லை என்று ஒரு தீர்மானம் போட்டு, அதைக் கண்டிப்பாக நடத்தினால் போதும். அப்போது குறைந்த வாடகைக்கு அதிக பாரம் ஏற்றும் போட்டியும் தானே குறையும். வாடகை நிலைபெறும்.

எடை போடும் கட்டணத்தைச் சரக்கு அனுப்புபவர் ஏற்க வேண்டும். மண்டி வாசலிலும் தொழிற்பேட்டை வாசலிலும் பொது எடை மேடை இருந்தால் நேரமில்லை என்ற பேச்சுக்கே இடமிராது. இருக்கும் எடை மேடைகளை ஆண்டுக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை இட வேண்டும் என்று எடையளவுச் சட்ட விதிகள் சொல்கின்றன. முத்திரை இல்லாத மேடையின் சீட்டை நம்பிப் பயனில்லை என்பதால், எடையளவுத் துறை இதில் கவனம் செலுத்த வேண்டும்.

போக்குவரத்து அதிகாரிகள் அதிக பாரத்தோடு ஒரு வண்டியைப் பிடித்தால், டிரைவருடைய லைசென்ஸோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. பில்டியை வாங்கிப் பார்த்து, சரக்கு அனுப்பியவர் பெயரையும் புக்கிங் ஆபீஸ் பெயரையும் வழக்கில் சேர்க்க வேண்டும். சட்டத்தில் இடம் இருக்கிறது. செய்வதற்கு மனம்தான் வேண்டும். நாலு பார்ட்டிகளுக்கும் நாலு புரோக்கர்களுக்கும் கோர்ட் நோட்டீஸ் போய்விட்டால், மறுநாளே எடை மேடை வாசலில் வரிசை நிற்கும். அதே நேரத்தில், எடைச் சீட்டின்படி அனுமதித்த அளவுக்குள் ஏற்றிவரும் வண்டியை மாமூலுக்காக நிறுத்தி வைப்பதையும் அரசு தடுக்க வேண்டும். ஒழுங்காக நடப்பவருக்கும் தொல்லை என்றால் ஒழுங்கு எப்படி வளரும்?

கடையில் அரைக் கிலோ சர்க்கரை வாங்குபவர்கூடத் தராசு முள்ளைப் பார்த்துத்தான் காசு கொடுக்கிறார். இருபது டன் சரக்கை நெடுஞ்சாலையில் அனுப்புகிறவர்கள் தராசே இல்லாமல் அனுப்புவதும், தவறு நேர்ந்தால் ஸ்டியரிங் பிடித்தவரைத் தண்டிப்பதும் இனியும் தொடரலாகாது. பில்டியில் எடை எழுதும் முன் எடைச் சீட்டு எங்கே என்று ஒவ்வொரு புக்கிங் ஆபீசிலும் கேள்வி எழ வேண்டும். கேட்பவர் டிரைவராக இருந்தாலும் சரி, குமாஸ்தாவாக இருந்தாலும் சரி, அந்தக் கேள்விக்குச் சட்டம் துணை நிற்கிறது.